மாஸ்க்கை அவங்க கையிலயே குடுத்துப் பாருங்க

இந்த வாரம் மூணாவது வருஷ நர்சிங் பசங்களுக்கு, சின்ன வயசுல பட்டதெல்லாம் வளர்ந்தப்புறம் உடம்பை என்ன பண்ணும்ங்கற கிளாஸ். ஒவ்வொரு வருஷமும் இதுக்கு முந்தின நாள் எனக்கு சரியா தூக்கம் வராது, ஏன்னா அத்தனை பேர் உக்காந்திருக்குற ரூம்ல யாரோ சிலருக்கு இது பாடம் இல்ல, அவங்க வீட்டுல நடந்தது.

அதனால முதல்லயே சொல்லிடுவேன், யாரும் எப்ப வேணா எந்திரிச்சு வெளிய போகலாம், காரணம் கேக்க மாட்டேன், அட்டெண்டன்ஸும் போகாது. சின்ன வயசுல பட்ட கஷ்டங்கள் எத்தனைன்னு எண்ணுற, ஏஸ் (ACE)னு சொல்ற அந்தப் பத்துக் கேள்வியை கிளாஸ்ல ஃபில் பண்ண வைக்கவும் மாட்டேன். ஆரம்பத்துல ஒரு தடவை வச்சேன், ஒரு பொண்ணு பேப்பரை நாலா மடிச்சு கைக்குள்ளயே இறுக்கி வச்சிருந்தா, பெல் அடிச்சும் எந்திரிக்கல. அதோட விட்டுட்டேன்.

பாடத்தை டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டிகிட்ட இருந்து தொடங்குவேன். 1980கள்ல அமெரிக்காவுல சான் டியாகோல அவர் நடத்தின உடல் எடை குறைக்கிற கிளினிக்ல, நல்லா எடை குறைஞ்சுட்டு வந்தவங்களே பாதியில நின்னுட்டாங்க. ஏன்னு உக்காந்து பேசிப் பாத்தா நிறைய பேருக்கு சின்ன வயசுல பாலியல் கொடுமை நடந்திருக்கு, சிலருக்கு அந்த எடையே ஒரு பாதுகாப்பா இருந்திருக்கு. அப்புறம் அவரும் ராபர்ட் ஆண்டாங்கற இன்னொரு டாக்டரும் 17,000 பேருக்கு மேல கேட்டுப் பண்ணின ஆய்வோட முதல் கட்டுரை 1998ல வந்துச்சு. அடி, புறக்கணிப்பு, வீட்டுல குடி, அம்மா அடி வாங்குறதைப் பாக்குறதுன்னு இந்த மாதிரி அனுபவம் கூடக்கூட இதய நோய், நுரையீரல் நோய், தற்கொலை முயற்சி எல்லாம் கூடுது.

உடனே ஒரு பையன் கேட்டான், அவங்க சிகரெட், குடின்னு போனதால வந்ததுதானே மேடம்னு. நல்ல கேள்வி. அதுவும் ஒரு வழிதான், ஆனா அதோட முடியல. பயம் வந்தா கார்டிசால், அட்ரினலின்ங்கற ஹார்மோன்கள் ஏறும், ஆபத்து போனா இறங்கிடும், ஆனா பயப்பட வேண்டிய ஆளே ராத்திரி கதவைத் தட்டுற ஆளா இருந்தா அந்தக் குழந்தைக்கு அது எப்ப இறங்கும்? வருஷக்கணக்குல அப்படியே ஓடினா வளர்ற மூளை, இதயம், நோய் எதிர்ப்பு எல்லாத்துலயும் அதோட தடம் விழும்.

ஆனா அந்தப் பத்துக் கேள்வியில வர்ற ஸ்கோரை வச்சு ஒருத்தருக்கு ஜோசியம் சொல்லாதீங்கன்னு கண்டிப்பா சொல்லுவேன், 2020ல ஆண்டாவே அதைத்தான் எழுதினார். நம்பி ஒட்டிக்க ஒரே ஒரு பெரியவங்க இருந்தாலும் அந்தக் குழந்தையோட நிலைமை எவ்வளவோ மாறும்.

போன பேட்ச்ல ஒரு ஸ்டூடண்ட், மருந்தைப் பனி மாதிரி மூச்சுல இழுக்க வைக்கிற நெபுலைசர் மாஸ்க் போடப் போனா தட்டி விட்டுட்டே இருந்த ஒரு அம்மாவைப் பத்தி நோட்ஸ்ல 'அன்கோஆபரேட்டிவ்'னு எழுதியிருந்தா. மறுநாள் அவளே போய், அம்மா இப்ப மாஸ்க் வைக்கணும், நீங்களே பிடிச்சுக்கிறீங்களான்னு கேட்டு கையில குடுத்திருக்கா. அவங்க வாங்கி மூக்கு மேல வச்சுக்கிட்டாங்க, மருந்து தீர்ற வரைக்கும் எடுக்கல. என்ன நடந்துச்சுன்னு இவளும் கேக்கல, அவங்களும் சொல்லல. அன்னைக்கு நோட்ஸ்ல இவ எழுதினது, "முகத்துப் பக்கம் கை வந்தா பதறுறாங்க, சொல்லிட்டு மாஸ்க்கை அவங்க கையிலயே குடுக்கவும்." நைட் ஷிஃப்ட் சிஸ்டரும் அப்படியே குடுத்திருக்காங்க.