பொதுப் பட்டறைக்கு அரசு காசு வாங்குன கதை (மதினி பேர்ல)

"எந்த ஸ்கீம்ல வாங்குனீங்க, எப்படி வாங்குனீங்க"ன்னு ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ஒண்ணு. மேக்கர்ஸ்பேஸ்னு (மெஷினைப் பொதுவா வச்சு யாரு வேணாலும் வந்து செஞ்சு பழகுற பட்டறை) பேரு போட்ட ஸ்கீமைத் தேடி அங்கிட்டும் இங்கிட்டும் அலையாதீங்க. ஊர்ல நாலு பேரு சேர்ந்து நடத்துற பட்டறைக்குன்னு ஒரு கட்டம் நாங்க பார்த்த எந்த ஃபார்ம்லயும் இல்ல. எங்க அளவுக்கு அரசு காசு ரெண்டு வழியிலதான் வருது, ஒண்ணு மெஷினுக்கு, இன்னொண்ணு பயிற்சிக்குத் தலைக்கு இவ்வளவுன்னு. சாயங்காலம் வந்து ஷட்டரைத் தூக்கி, லேத்துப் பக்கத்துல பயலுக கைய விட்டுறாம பார்த்துக்கிட்டு நிக்கிற ஆளுக்குச் சம்பளம்னு ஒரு வரி எங்கயும் கிடையாது. அதை நீங்கதான் சம்பாதிக்கணும். இதை மனசுல வச்சுக்கிட்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுனா பாதி தலைவலி போயிரும்.

நாங்க தேனி ரோட்டுல செக்கானூரணி பக்கம். அண்ணன் கப்பலூர் சிட்கோவுல லேத் ஓட்டுனவரு, மதினி டிப்ளமோ முடிச்சவங்க, வீட்டு முன்னாடியே மோட்டார் வைண்டிங் பண்றாங்க, நான் ஓசூர்ல இருந்து வேலைய விட்டுட்டு வந்தவன். இங்கயே ஐடிஐ இருக்கு, பயலுக ஃபிட்டர், டர்னர்னு முடிச்சுட்டு வெளிய வர்றாங்க, வந்த பிறகு வேலை கிடைக்கிற வரைக்கும் கை பழகுறதுக்கு மெஷின் எங்க இருக்கு? மூணு மாசம் தொடாம இருந்தா மைக்ரோமீட்டர் பிடிக்கவே கை கூசுதுன்னு ஒரு பய சொன்னான். சரி, மணிக்கு இவ்வளவுன்னு சின்னதா வாங்கிக்கிட்டு மெஷினைத் திறந்து விட்டா என்னன்னுதான் ஆரம்பிச்சோம்.

இது ஒண்ணும் புது யோசனையும் இல்ல. புனே பக்கம் பாபல்ங்கிற கிராமத்துல விக்யான் ஆசிரமத்துல 2002லயே அமெரிக்கா எம்ஐடியோட ஃபேப் லேப், அதாவது கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷினெல்லாம் வச்ச பொதுப் பட்டறை, வந்துருச்சு. கேரளாவுல ஸ்டார்ட்அப் மிஷன் களமசேரியில ஃபேப் லேப் நடத்துது, அதுவும் அரசு காசுதான். நம்ம நாட்டுல ஸ்கூலுக்கு அடல் டிங்கரிங் லேப் இருக்கு, 20 லட்சம், அதுல 10 பொருள் வாங்க, 10 அஞ்சு வருஷம் நடத்த, ஆனா அது ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு. அதே அடல் திட்டத்துல சமூக மையம்னு பெருசா ஒண்ணு இருக்கு, 2.5 கோடி வரைக்கும் தர்றாங்க, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்துல இருக்கு, ஆனா அவங்க தர்ற அளவுக்கு நம்மளும் வேற இடத்துல இருந்து திரட்டணும். எங்களுக்கு எங்க? தமிழ்நாடு அரசோட டான்சீட் பார்த்தோம், அது ஸ்டார்ட்அப்புக்கு 10 லட்சம், நாம என்ன ஆப்பா பண்றோம்னு விட்டுட்டோம். கடைசியில வந்து நின்னது பிஎம்இஜிபி.

பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) தெரியாதவங்களுக்கு: புதுசா தொழில் தொடங்க பேங்க் லோன், அதுல ஒரு பங்கு மானியம், அப்ளை பண்றது காதி கமிஷன் போர்ட்டல்ல, எங்களுக்கு வழி காட்டுறது மாவட்டத் தொழில் மையம். உற்பத்தின்னா 50 லட்சம் வரைக்கும், சேவைன்னா 20 லட்சம் வரைக்கும் ப்ராஜெக்ட் போடலாம். முக்கியமான விஷயம் இனிமேதான். பொதுப் பிரிவு ஆம்பளைன்னா நகரத்துல 15 சதவீதம், கிராமத்துல 25. பெண்கள், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, சிறுபான்மை, மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் இவங்களுக்கு நகரத்துல 25, கிராமத்துல 35. கைக்காசும் அவங்களுக்கு 10 சதவீதத்துக்குப் பதிலா 5 போதும். கிராமம்னா ஊராட்சி எல்லைக்குள்ள இருந்தா போதும். அப்ப கணக்கு போட்டுப் பாருங்க, 10 லட்சம் ப்ராஜெக்ட் மதுரை மாநகராட்சிக்குள்ள மதினி பேர்ல போட்டா மானியம் 2.5 லட்சம், ஊராட்சிக்குள்ள போட்டா 3.5 லட்சம், அம்பதாயிரம் நம்ம கையில இருந்து, மீதி 9.5 லட்சம் பேங்க் லோன், மானியம் பின்னாடி இந்த லோன்லதான் கழியும். ஒரு லட்சம் வித்தியாசம்! டவுனுக்குள்ள கடை பிடிச்சாதான் ஆளு வரும்னு சொன்ன நண்பனை அன்னைக்கே உட்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைச்சோம்.

ஆக விண்ணப்பதாரர் மதினி. பேருக்கு இல்ல, நிஜமாவே அவங்கதான் பொறுப்பு, ஏன்னா பேங்க்ல கேள்வி கேக்குறப்ப பதில் சொல்லப்போறது அவங்கதான். உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது குறு, சிறு தொழில் பதிவு, ஆதார் வச்சு நாமளே ஃப்ரீயா பண்ணிக்கலாம், பிரவுசிங் சென்டர்ல காசு கேட்டா கொடுக்காதீங்க. அதுல தொழில் கோடு கேக்கும். "பயிற்சி மையம்"னு கல்விக் கோடு போட்டா ஒரு மாதிரி பார்ப்பாங்க, நாங்க மெஷினிங் ஜாப் ஒர்க், 2592ன்னு போட்டோம், கூடவே மோட்டார் ரிப்பேர். பொய் இல்ல, பகல்ல அதுதான் ஓடுது, சாயங்காலம்தான் பயலுக.

ப்ராஜெக்டை 10 லட்சத்தைத் தாண்ட விடாததுக்கும் காரணம் இருக்கு, நாங்க போட்டப்ப குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரைக்கும் லோனுக்கு அடமானம் கேட்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருந்துச்சு. விதி இருந்தாலும் பேங்க்ல "ஏதாச்சும் வீட்டுப் பத்திரம் இருக்கா"ன்னு ஒரு தடவையாவது கேப்பாங்க. எந்த பேங்க்னு சொல்லப்போறதில்ல. மதினி சிரிச்சுக்கிட்டே, "சார், கேரண்டி ஃபண்டு இருக்குல்ல"ன்னாங்க (அடமானம் இல்லாத லோனுக்குப் பேங்குக்குப் பொறுப்பு நிக்கிற நிதி அது), அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

கொட்டேஷன்லதான் ரொம்ப இழுத்துச்சு. கோயம்புத்தூர்ல நல்ல பழைய லேத் ஒண்ணு மூணுல ஒரு பங்கு விலைக்குக் கிடைச்சது, அண்ணன் போயி பெட்டைத் தடவிப் பார்த்துட்டு "தங்கம்டா"ன்னாரு, பேங்க்ல பழசுக்குக் கொட்டேஷன் எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. ஜிஎஸ்டி நம்பரோட புது மெஷின் கொட்டேஷன்தான் வேணும். அதனால சின்ன புது லேத், பில்லர் டிரில், இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், ரெண்டு சோல்டரிங் ஸ்டேஷன், ஒரு 3டி பிரிண்டர், அவ்வளவுதான் அடங்குச்சு. லேசர் கட்டிங்கை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டோம், இன்னும் வயித்தெரிச்சல்தான்.

ஃபீல்டு ஆபீசர் வந்தது ஒரு மத்தியானம். அப்ப மதினி அஞ்சு எச்பி சப்மெர்சிபிள் ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு ஸ்டேட்டர்ல இருந்து எரிஞ்ச காயிலை இழுத்துக்கிட்டு இருந்தாங்க, வார்னிஷ் கருகுன வாடை, அவரு கர்சீப்பை மூக்குல வச்சுக்கிட்டு, "இது சரிம்மா, அந்த 3டி பிரிண்டருக்கு கஸ்டமர் யாரு, இங்க யாரு வந்து பொம்மை கேக்கப்போறா"ன்னாரு. நான் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதுன எதையாவது எடுத்து விடலாம்னு வாயைத் திறக்குறதுக்குள்ள மதினி, "அண்ணே, உங்க வீட்டு மிக்ஸியில கப்ளர் போனா என்ன பண்ணுவீங்க"ன்னாங்க. "டவுன்ஹால் ரோட்டுல தேடுவேன்." "பழைய மாடலுக்கு அங்கயும் கிடைக்கலன்னா?" அவரு பதில் சொல்லல. காலேஜ் பய ஒருத்தன் வச்சிருந்த பிரிண்டர்ல ஒரு மோட்டாருக்கு ஃபேன் கவர் அடிச்சு வச்சிருந்தோம், அதைக் கையில கொடுத்தாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தாரு, அமுக்கிப் பார்த்தாரு, எவ்வளவு ஆச்சுன்னாரு. எண்பது ரூபா. ரிப்போர்ட்ல அவரு என்ன எழுதுனாருன்னு தெரியாது, சாங்ஷன் வந்துச்சு.

அப்புறம் ஈடிபின்னு தொழில்முனைவோர் பயிற்சி, 5 லட்சத்துக்கு மேல போனா 10 நாள், ஆன்லைன்லயும் முடிக்கலாம், அது முடிச்சாதான் காசு. மானியத்தைக் கையில கொடுப்பாங்கன்னு நினைக்காதீங்க. நம்ம பேர்ல டெபாசிட்டா போட்டு மூணு வருஷம் பூட்டி வச்சிருவாங்க, அந்தத் தொகைக்கு உண்டான லோனுக்கு வட்டி கிடையாது, மூணு வருஷம் கழிச்சு யூனிட் ஓடுதான்னு பார்த்துட்டுதான் லோன்ல கழிப்பாங்க. எங்களுக்கு 2028லதான்.

இடத்துக்கு நடந்ததைச் சொன்னா சிரிப்பீங்க. ஊராட்சியோட பழைய கட்டடம் ஒண்ணு பூட்டியே கெடக்கு. 2024 அக்டோபர் 2 கிராம சபையில கையைத் தூக்கி தீர்மானமே போட்டுட்டாங்க, சாயங்காலம் பயிற்சிக்கு விடலாம்னு. ஃபைல் ஒன்றிய அலுவலகத்துக்குப் பைய நகர்ந்து போறதுக்குள்ள 2025 ஜனவரியில உள்ளாட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்துட்டாங்க, அவரு பாவம் எத்தனை ஊராட்சிய பார்ப்பாரு, மறுபடி மொத ஏட்டுல இருந்து ஆரம்பிக்கச் சொன்னாங்க. அதுக்கு மேல காத்திருக்க முடியாம தெரிஞ்சவரோட நெல் குடோனை வாடகைக்குப் பிடிச்சுட்டோம். மூணு வருஷம் வரைக்கும் ஷெட் வாடகைய ப்ராஜெக்ட் காஸ்ட்ல சேர்க்கலாம், நிலம் வாங்குற காசைச் சேர்க்க முடியாது.

கரண்டுல ஒண்ணு கவனிங்க. மின்வாரிய ஏஇ வந்து பார்த்துட்டு, "இது பட்டறையா, டியூஷனா"ன்னு கேட்டாரு. சிரிச்சுட்டேன், ஆனா கேள்வி சரிதான். சிறு பட்டறைன்னா 12 கிலோவாட் வரைக்கும் 3ஏ1ங்கிற கட்டணப் பிரிவு, கடைக்கணக்குல போனா 5ஆம் பிரிவு, பில்லு எகிறிரும். உத்யம் சான்றிதழும் மெஷின் லிஸ்டும் நீட்டுனோம், 3ஏ1 கொடுத்துட்டாரு. நல்ல மனுஷன்.

இப்ப பயிற்சிக் காசு. மாநிலத் திறன் மேம்பாட்டுக் கழகத்துல பயிற்சி நிறுவனமா சேரலாம்னு விசாரிச்சோம். வகுப்பறை அளவு, பேட்ச்சுக்கு ஆளு, பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ், கேமரா, அப்புறம் காசு தவணை தவணையா, வருகை, தேர்வு, வேலைன்னு ஒவ்வொண்ணும் முடிஞ்சாத்தான். குடோன்ல எங்க போய் வகுப்பறை கட்டுறது. அதனால ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள ஒரு நிறுவனத்தோட பேசி, தியரி அங்க, ப்ராக்டிகல் இங்க, தலைக்கு மணிக்கணக்குல எங்களுக்கு. காசு லேட்டாதான் வருது, அவங்களுக்கே லேட்டாதான் வருதாம். அப்ரண்டிஸ் எடுத்தா உதவித்தொகையில 25 சதவீதம், மாசம் 1,500 வரைக்கும் மத்திய அரசு கொடுக்கும், ஆனா அதுக்கு குறைஞ்சது நாலு பேரு வேலை செய்யுற இடமா இருக்கணும், நாங்க இப்ப மூணு.

சிஎஸ்ஆர் காசு, அதாவது கம்பெனிக சமூகப் பணிக்குக் கொடுக்குற காசு பத்தியும் கேக்குறாங்க. ஏழு பேரைச் சேர்த்து சங்கம் பதிவு பண்ணி வச்சிருக்கோம், ஆனா இந்த மாதிரி வேலையில மூணு வருஷ அனுபவம் வேணும்னு விதி, அதனால இப்போதைக்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரும் போட்டோவும் சேர்த்துக்கிட்டு இருக்கோம். மெஷின் காசுக்கு மதினி யூனிட், பயிற்சிக்கு சங்கம், ரெண்டுக்கும் நடுவுல எழுத்துல ஒரு ஒப்பந்தம். அக்கவுண்டையும் பில்லையும் கலக்கவே கலக்காதீங்க.

ஆளுக வர்றாங்களான்னா வர்றாங்க. விளாச்சேரியில இருந்து கொலு பொம்மை செய்யுறவரு ஒருத்தரு வந்தாரு, அச்சு எடுக்க மாஸ்டர் பீஸ் ஒண்ணு பிரிண்ட் அடிச்சுக் கொடுத்தோம். மூக்கு மழுங்கி இருக்குன்னு ரெண்டாவது தடவை அடிக்க வச்சாரு, காசு ஒரு தடவைக்குத்தான் கொடுத்தாரு. ஐடிஐ பயலுகளுக்கு மணிக்கு 30 ரூபா, காசு இல்லாதவன் கூட்டிப் பெருக்கிட்டு ஓட்டலாம். வாடகையும் கரண்டும் பகல் ஜாப் ஒர்க்ல வருது, எனக்குச் சம்பளம்னு இன்னும் ஒண்ணும் நிக்கல, மோட்டார் சீசன்ல மட்டும் மதினி ஏதாச்சும் கொடுப்பாங்க.

பிஎம்இஜிபி விதிகள் அப்பப்ப மாறும், நான் சொன்ன நம்பரெல்லாம் நாங்க போட்டப்ப இருந்தது, தொழில் மையத்துல போயி ஒரு தடவை கேட்டுக்கோங்க, காலையில வெள்ளன போனா கூட்டம் இருக்காது. உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் யாராச்சும் போடுறதா இருந்தா எங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் எக்செல் ஷீட்டும் தர்றேன். மதினி பேரையும் பேங்க் பேரையும் அழிச்சுட்டுத்தான் தருவேன், மெஷின் விலைய அப்படியே காப்பி அடிச்சுறாதீங்க, கொட்டேஷன் உங்க பேர்ல புதுசா வாங்குங்க.