வொலியூம் சார்ட்டும் 5 நிமிச சார்ட்டும்: கிளிநொச்சியில இருந்து

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்

நியூயோர்க்கில இப்ப கோடைநேரம், அங்க பங்குச் சந்தை காலமை 9.30க்குத் திறக்கேக்க எங்களுக்கு இரவு 7 மணி, வேலையால வந்து குளிச்சுப்போட்டு இருக்கச் சரி. எஸ்&பி 500 இ-மினி ஃபியூச்சர்ஸ்தான் பாக்கிறன், அமெரிக்கப் பெரிய கம்பனிகளின்ர பங்குச் சுட்டெண்ணுக்கு, பின்னுக்கு வாற ஒரு திகதிக்கு இப்பவே விலை பேசிற ஒப்பந்தம் (கொன்ட்ராக்ட்) அது. காசு போடேல்ல, பொய்க்காசில பழகிற சிமுலேட்டர். இடப்பக்கம் 5 நிமிச சார்ட், ஒவ்வொரு 5 நிமிசத்து விலை ஏத்த இறக்கத்தையும் ஒரு பாராக் (குச்சியாக்) கீறும். வலப்பக்கம் 10,000 கொன்ட்ராக்ட் கைமாறினா ஒரு பார் எண்டு வச்ச வொலியூம் (கைமாறின அளவு) சார்ட். விடியப்புறம், ஆசியா நேரத்தில, இடப்பக்கம் சின்னச் சின்ன பாரா வரிசைக்கு நிக்குது, ஏவாரம் ஒண்டுமில்லை, ஆனாலும் கடைசி 20 பாரின்ர சராசரி விலையைக் காட்டுற மூவிங் அவரேஜ் கோடு அதுகளையும் சேத்துக் கணக்குப் பாத்து தட்டையாப் போகுது. வலப்பக்கம் அவ்வளவு நேரத்துக்கும் கொஞ்ச பார்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

பின்னேரம் 6 மணிக்கு அமெரிக்கப் பணவீக்கம் வந்துது. வருசத்துக்கு 2.9 வீதம், 2021 மார்ச்சுக்குப் பிறகு இப்பதான் 3க்குக் கீழ. இப்பிடி ஒரு செய்தி வரேக்க 5 நிமிச சார்ட் எல்லாத்தையும் ஒரே பாருக்குள்ள அடைச்சுப்போடும், உள்ளுக்கை எது முதல் நடந்தது எண்டு தெரியாது. வொலியூம் சார்ட் அதைத் துண்டு துண்டாக் காட்டுது, எந்த விலையில வாங்கிறாக்கள் நிண்டவை, எங்க விட்டிட்டுப் போச்சினம் எண்டு வடிவா விளங்குது.

சிறுபோக வெட்டு முடிச்சு வந்த மாமா "உதென்னடா தம்பி?" எண்டு கேட்டவர். நெல்லுச் சாக்கு நிரம்பினாத்தானே தைக்கிறனீங்கள், நேரம் பாத்தில்லையே, அதுதான் இது எண்டன். "அப்ப ஒரு சாக்கு நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு பாக்கிறனியோ?" எண்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வொலியூம் சார்ட்டில எல்லா பாருக்கும் ஒரே அளவு வொலியூம், கீழ வொலியூம் கம்பி போட்டும் பிரயோசனமில்லை. அதை எடுத்துப்போட்டு ஒரு பார் முடிய எத்தினை செக்கன் எண்டதைப் போட்டன். எனக்கு இதுதான் முழு விசயமும். விலை ஏறுது ஆனா பார் இழுபட்டு இழுபட்டு நிரம்புது எண்டா அந்த ஏத்தத்தை நான் நம்பமாட்டன், மாறி பார் கடகடவெண்டு முடியுது ஆனா விலை ரெண்டு மூண்டு டிக்கை (விலை மாறுற ஆகச் சின்னப் படியை) தாண்டேல்ல எண்டா அங்க ஆரோ பெரிய ஆள் நிண்டு வாறதெல்லாத்தையும் வாங்கிறான் இல்லாட்டி விக்கிறான். நேரச் சார்ட்டில இது கண்ணில படாது. எங்கட இரவு 9.30க்குப் பிறகு நியூயோர்க்கில மத்தியானச் சாப்பாட்டு நேரம், பார் ஆமையா ஊருது, அதோட மூடிப்போடுறன்.

ஆகஸ்ட் 17, சனி

சந்தை பூட்டு. வொலியூமால அளக்கிறது புதுசில்லை, 1973இலயே பீட்டர் கிளார்க் எண்டவர் பருத்தி ஃபியூச்சர்ஸ் விலையை எடுத்து, மணிக்கூட்டால இல்லாமல் வொலியூமால அளந்தா விலை மாற்றம் ஓரளவு ஒழுங்கா வருதெண்டு காட்டினவர்.

ஆனா நேரத்தால அளக்கிற 30 நிமிச சார்ட்டையும் நான் விடேல்ல. நேற்றைய உச்சம், அடி எல்லாம் எல்லாரும் பாக்கிற இடம், அதுக்கு மணிக்கூடுதான் வேணும். மற்றது வொலியூம் பார் எண்ணத் தொடங்கிற இடம் மாறினா பாரும் மாறும், எனக்குத் தெரியிற பார் இன்னொராளுக்குத் தெரியாது, அதால ஒரு பாரின்ர உருவத்தை மட்டும் நம்பி ஓடர் போடக்கூடாது.

நான் பாக்கிற செப்டெம்பர் கொன்ட்ராக்ட் அந்த மாசம் 20ஆம் திகதி முடியுது. அதுக்கு முதல் கிழமையே ஏவாரம் டிசெம்பருக்கு மாறத் தொடங்கும், பழசில பார் நிரம்பாமல் கிடக்கும், அப்ப சார்ட்டையும் மாத்தவேணும்.