ஓரக்குறிப்பு

கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் வேலை என்றால், தொலைபேசியை எடுப்பதும் பூசைக் காணிக்கைக்கு ரசீது எழுதுவதும்தான் என்று தேயிலைத் தோட்டத்தில் பலர் நினைக்கிறார்கள். அதுவும் செய்கிறேன். ஆனால் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்து மழையில் ஈரம் ஏறாமல் காப்பாற்ற வேண்டிய பழைய பதிவேடுகளோடுதான் என் பொழுது அதிகம் போகிறது.

கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானப் பதிவுதான் தாய்ப்பதிவு. மஸ்கெலியாவில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை வத்தளையில் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணம் முடித்தாலும், அந்தப் பங்கிலிருந்து இங்கே அறிவிப்பு வரவேண்டும். பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். பிறகு அந்தத் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால் அதுவும் அதே ஓரத்தில் ஏறும். முன்பு எழுதியதை யாரும் அழிப்பதில்லை. "அந்த ஆளு பேர எடுத்துருங்க மிஸ்" என்று பிள்ளையின் சான்றிதழை நீட்டியவர்கள் உண்டு. எடுக்க முடியாது என்றால் கோபம் வரும். நியாயமான கோபம்தான்.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் என் கல்யாணம் நின்றது. ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசிக்கத் தொடங்கியாயிற்று. எங்கள் வழக்கில் மூன்று முறை வாசிப்பார்கள். மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. கோயிலில் அது வாசிக்கப்படாத அன்றைக்கே, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சாகிவிடும். காரணத்தை எழுதப்போவதில்லை, அது இரண்டு குடும்பத்துக் கதை. "மறந்துரு தங்கச்சி" என்று சொல்லாத ஆளில்லை. எப்படி மறப்பது? என்னைக் கட்டவிருந்தவருக்கும் இதே கோயிலில்தான் ஞானஸ்நானம். கொஞ்சக் காலம் கழித்துக் கொழும்புப் பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து அறிவிப்பு வந்தது. இன்ன தேதியில் இன்னாரோடு அவருக்குத் திருமணம் நடந்தது, பதிவில் குறித்துக்கொள்ளவும்.

பங்குக் குருவான சாமியிடம் சொல்லியிருந்தால் அவரே குறித்திருப்பார். நான் சொல்லவில்லை. பெண்ணின் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதிலேயே கவனம் இருந்தது. (நீளமான பெயர்.) வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன். அதுவரைக்கும் என் செபம் ஒரு வழக்காகவே நடந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது, நான் சொன்னது, அவருடைய அம்மா சொன்னது என்று எல்லாவற்றையும் ஆண்டவர் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்பேன். எழுதி முடித்த பிறகு கேட்க ஒன்றும் மிச்சமில்லை. பெயரை மட்டும் சொல்லிச் செபித்தேன், பல நாள் வேண்டாவெறுப்பாக. பகைவருக்காகச் செபியுங்கள் என்று சொன்ன இயேசு, ஆசையோடு செபியுங்கள் என்று சேர்க்கவில்லையே.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் உறவு முறிந்தால் விலகி வாழ இடம் கிடையாது. அண்ணன் காம்பராவுக்கும் தம்பி காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். பேச்சு நின்றாலும் இருமல் கேட்கும். இப்படி வருகிறவர்களிடம் சாமி, ஆபிராமும் லோத்தும் பிரிந்த கதையைச் சொல்வார். நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்று பெரியவரே விட்டுக்கொடுக்கிறார். எனக்குப் பிடித்தது அடுத்த அதிகாரம். லோத்தை எதிரிகள் பிடித்துப்போனபோது ஆபிராம் 318 ஆட்களோடு போய் மீட்கிறார். அப்படி மீட்டும், இருவரும் மறுபடி ஒரே இடத்தில் கூடாரம் போட்டதாகக் கதை இல்லை. மன்னித்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

நீலகிரியிலிருந்து வரும் கடிதங்கள் வேறு மாதிரி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். அங்கே போன அண்ணனும் இங்கே நின்ற தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. மன்னிக்க ஆள் இல்லாத பிரிவுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா வெகுநாளாகக் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நன்மை (நற்கருணை) வாங்காமல் போய்விடுவார். புருஷன் கொழும்பில் வேறு குடும்பம் வைத்துவிட்டார். "எனக்கு நன்மை குடுப்பாங்களா மிஸ்?" என்று ஒருநாள் அலுவலக வாசலில் நின்று கேட்டார். பிரிந்து வாழ்வதோ, விவாகரத்துகூடவோ, அதனால் மட்டும் நன்மை வாங்கத் தடையாகாது. மறுமணம் என்று வரும்போதுதான் கேள்வி எழும். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தடை என்று மட்டும் லயத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

"சிலுவையைச் சுமந்துக்கோ" என்பதும் அதே ஆட்களின் அறிவுரை. எனக்கு அதில் ஆத்திரமே வரும். அடி வாங்கும் மனைவியிடம் அதைச் சொல்லத் திருச்சபைச் சட்டமே இடம் தருவதில்லை. துணையின் உடலுக்கோ மனதுக்கோ, பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து என்றால் பிரிந்துபோக நியாயமான காரணம் உண்டு என்கிறது 1153ஆம் பிரிவு. தாமதித்தால் ஆபத்து என்றால் யாரிடமும் கேட்காமலே போகலாம்.

திருமணம் செல்லாது என்று தீர்ப்புக் கேட்கும் வழியும் முன்னைவிடச் சுருங்கியிருக்கிறது. 2015இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த மாற்றத்துக்கு முன், ஒரு நீதிமன்றம் சொன்னதை இன்னொன்றும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது அது கட்டாயமில்லை. ஆனாலும் கண்டிக்குப் போய்வந்தால் அன்றைய பேர் (நாள்கூலி) போய்விடும், சாட்சிக்கு வருகிறவருக்கும் பஸ் காசு கொடுக்க வேண்டும். இதையெல்லாம் விசாரித்தபோது அந்த அக்கா முதலில் கேட்டது, பிள்ளைக்குப் பேர் கெட்டுவிடுமா என்றுதான். கெடாது, பிள்ளை முறையான பிள்ளைதான் என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்று போய்விட்டார்.

நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முன்னால் மறுபடி வந்தார். வழக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

"அவருக்கு ஒரு பூசை எழுதுங்க மிஸ்."

செத்தவர்களுக்கா, இருப்பவர்களுக்கா என்று எல்லோரிடமும் கேட்பது போலவே கேட்டேன்.

"உசுரோடதான் இருக்காரு, கொழும்புல" என்று சிரித்தார். பூசையில் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டாமாம், சேர்ந்துவிட்டார்கள் என்று லயத்தில் கதை கட்டுவார்களாம். சரி என்று, தனிப்பட்ட வேண்டுதல் என எழுதி ரசீது கொடுத்தேன். மகனுடைய புதுநன்மை வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற நேரமாகிவிட்டது என்று ஓடினார்.