எந்தக் கம்பெனி கேட்டில் நிற்பது?

2006இல் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் அங்கே ஓடியது. வேலையில் பாதி காஸ்டிங் ஷீட் போடுவதுதான். ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி, நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், தூத்துக்குடி வரை லாரி வாடகை. எல்லாவற்றையும் கூட்டி, கம்பெனியின் லாபம் சேர்த்து, டாலரில் மாற்றி, சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்புவேன்.

பதிலில் ஒரு எண் மட்டும் வரும். அதற்கு டார்கெட் பிரைஸ் என்று பெயர். நாங்கள் 2.40 டாலர் கேட்டால் அவர்கள் 2.20 என்பார்கள். ஏன் 2.20 என்று கேட்கும் வழக்கமே கிடையாது. பங்களாதேஷிலோ கம்போடியாவிலோ அந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான் காரணம், அது எல்லோருக்கும் தெரியும்.

சரி, அந்த 20 சென்டை எங்கே குறைப்பது? நூல் விலையை மில் முடிவு செய்கிறது. லாரி வாடகை டீசலோடு ஏறும். லேபிளும் பட்டனும் பையர் கைகாட்டும் ஆளிடம்தான் வாங்க வேண்டும். முதலாளி தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், ஆனால் கொஞ்சம்தான். அந்த ஷீட்டில் அசைகிற கட்டம் ஒன்றே ஒன்று, தையல் கூலி. பீஸுக்கு 50 பைசா, அடுத்த ஆர்டரில் இன்னொரு 50 பைசா. அதைக் குறைத்தது என் விரல்கள். இதைச் சொல்லாமல் ஏகாதிபத்தியம் பற்றி, அதாவது பணக்கார நாடுகள் மற்ற நாடுகளின் உழைப்பை ஆட்டிவைப்பது பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் ஆறு சாயக் கழிவால் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகி, கீழே இருந்த விவசாயிகளின் நிலம் பாழானது. அன்றைக்குத்தான் உறைத்தது: நான் போட்ட எந்த ஷீட்டிலும் அந்த ஆற்றுக்கு ஒரு கட்டம் இருந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று, பங்களாதேஷில் டாக்கா அருகே சவாரில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு அதே கட்டடத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். ஷிப்மெண்ட் தேதி என்றால் என்னவென்று தெரிந்த எனக்கு, அவர்களை உள்ளே தள்ளிய அவசரம் எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்புறம் எங்களுக்கும் ஆடிட் மேல் ஆடிட். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, அவசர வழியில் பெட்டி அடுக்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். பார்க்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆடிட் நடந்த அதே வாரத்தில், அதே பையரிடமிருந்து வந்த அடுத்த சீசன் விலை 5 சென்ட் குறைந்திருந்தது.

அப்பா கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவும் பையனாக ஆரம்பித்து கட்டிங் மாஸ்டர் ஆனவர். 1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்தில் இருந்தவர். அம்மா தாலிக்கொடியை அடகு வைத்த கதை எங்கள் வீட்டில் இன்றும் ஓடும். "அப்ப எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்துச்சு. எந்த கேட்ல போய் நிக்கணும்னு தெரியும்" என்பார் அப்பா. இந்த ஒரு வாக்கியத்தை நான் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறேன். என் காலத்தில் சட்டை விலையைச் சொன்னவருக்குத் திருப்பூரில் ஒரு மெஷின்கூடச் சொந்தமில்லை. எங்கள் முதலாளியே அவருக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்தான். முதலாளிக்குக் கீழே கான்ட்ராக்டர், கான்ட்ராக்டருக்குக் கீழே பவர் டேபிள் என்ற மோட்டார் தையல் மெஷின் வைத்திருப்பவர், எல்லாருக்கும் கீழே, உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்கள். 1916இல் லெனின், பணக்கார நாடுகளில் உழைப்போடு எந்தத் தொடர்பும் இல்லாமல் கூப்பன் வெட்டியே, அதாவது கடன் பத்திரத்தின் வட்டிச் சீட்டை வெட்டிக் காசாக்கியே வாழ்கிற ஒரு கூட்டம் வளர்வதை எழுதினார். தொழிற்சங்க வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்களின் கத்தரிக்கோல்தான் நினைவுக்கு வந்தது.

தடையற்ற வணிகம் என்பதை நான் நம்பாததற்கு எங்கள் தொழிலின் வரலாறே போதும். இந்தியத் துணி நன்றாக விற்றபோது இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. தன் லங்காஷயர் பகுதி மில்கள் வளர்ந்த பிறகு நம் சந்தை திறந்தே கிடக்க வேண்டும் என்றது. 1974 முதல் 2004 முடிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோட்டா வைத்து நம் துணியை அளந்து வாங்கின. அதற்கு நடுவில்தான், 1991இல், சந்தையைத் திற என்று நமக்குப் பாடம் நடந்தது. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. எண்ணெய் வாங்கியது யாரோ. வேலை போனது ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க ஆபீசில் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். வரி வந்த அடுத்த மாதம் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு பெண் சம்பள நோட்டோடு வந்தாள். சங்க ஒப்பந்தத்தில் போட்ட கூலியைவிட ஷிப்டுக்கு 60 ரூபாய் குறைவு. கான்ட்ராக்டர் அமெரிக்க வரி என்று சொன்னாராம்.

"யாருகிட்ட கேக்கணும்ணா?" என்றாள்.

பையர் இருக்கும் ஊரைச் சொன்னேன். அவளுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"கான்ட்ராக்டர் பட்டறை எங்கம்மா இருக்கு?"

அவள் தெருப் பெயரைச் சொன்னாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே பதினேழு பேர் நின்றோம்.