ஷாப் வேக்குக்குள் நீறு பூத்த நெருப்பு

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இறைச்சி சுடுகிற கிரில் விற்கும் ஒரு கடையின் சர்வீஸ் பிரிவில் நாலு வருடம் வேலை பார்த்தேன். முன்பக்கம் ஷோரூம், ஏசி, பளபளப்பு. நாங்கள் பின்பக்க ஷெட்டில், முழங்கை வரை கிரீஸ். பழுதுக்கு வருவதில் பெரும்பாலும் பெல்லட் கிரில்தான்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மரத்தூளை அழுத்தி 6 மில்லிமீட்டர் கனத்தில், கோழித்தீவனம் மாதிரி குட்டிக் குட்டித் துண்டுகளாக்கிப் பையில் விற்பார்கள், அதுதான் பெல்லட். அதை ஓரத்தில் இருக்கும் ஹாப்பர் என்கிற தொட்டியில் கொட்டினால், ஆகர் என்கிற திருகுத் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் இருக்கும் ஃபயர் பாட் என்கிற நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும், அங்கே இக்னைட்டர் கம்பி பழுத்து நெருப்பு மூட்டும், அடியில் ஃபேன் ஊதும். கன்ட்ரோலர் சூட்டைப் பார்த்துப் பார்த்து விறகு போடும். ஆள் தேவையில்லை.

வினை அங்கேதான். பிளக்கும் டிஸ்ப்ளேயும் இருப்பதால் ஆட்கள் இதை மைக்ரோவேவ் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 225 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்து, பிரிஸ்கெட்டை, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள், போகட்டும், அதற்குத்தானே வாங்கினார்கள். ஆனால் உள்ளே எரிவது விறகு. இதை 1980களில் உருவாக்கிய ஓரிகன் மாநிலத்து ஜோ டிரேகரே வீட்டைச் சூடாக்கும் அடுப்புத் தொழிலில் இருந்தவர்தான். இது அடுப்பு. அடுப்பென்றால் சாம்பல் அள்ள வேண்டும். அதை மட்டும் யாரும் செய்வதில்லை.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 முடிந்த வாரம் எங்களுக்குத் தீபாவளி. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக வெந்த இறைச்சியின் கொழுப்பு டிரிப் ட்ரேயில் ஏடு ஏடாகப் படிந்திருக்கும், அதைச் சுரண்டாமல் மறுநாள் ஸ்டேக் போடுகிறேன் என்று 450க்கு ஏற்றுவார்கள், அப்புறம் என்ன, ட்ரேயே பற்றிக்கொள்ளும். பதறிப்போய் மூடியைத் திறப்பார்கள், காற்று புகுந்து இன்னும் எரியும். சிலர் தண்ணீரையும் ஊற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். மூடியைத் திறக்கவே கூடாது, கரண்ட்டை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று, தானாக அணையவிட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தீயணைப்பு வண்டிதான்.

இன்னொரு வகை, சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள். அணைக்கும் பட்டனை அழுத்தினால் ஃபேன் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி மிச்சத்தை எரித்து முடிக்கும். பிடுங்கிவிட்டால் கங்கு அப்படியே கிடந்து, ஆகர் குழாய் வழியாக ஹாப்பர் பக்கம் மெல்ல ஊர்ந்து வரும். நடுவில் அணைந்துபோன கிரில்லை ஃபயர் பாட்டைப் பார்க்காமல் திரும்பப் பற்றவைக்கிறவர்களும் உண்டு. அந்தக் கிண்ணத்தில் பெல்லட் குவிந்திருக்கும், வெள்ளைப் புகை திரண்டு வரும், பிறகு டமால். புருவம் பொசுங்கிய ஒருவர் கவுண்டரில் நின்று, வாரன்டியில் வருமா என்று கேட்டார்.

ஹூஸ்டனின் ஈரக்காற்றுக்கு ஹாப்பரில் மாதக்கணக்கில் கிடக்கிற பெல்லட் ஊதிப்போகும். ஆகருக்குள் ஊதினால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், மோட்டாரைக் கழற்றி, தண்டை இடுக்கியால் கவ்வி, பின்பக்கமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும், சில நாள் அரை நாள் அதிலேயே போகும். ஒரு பெல்லட்டை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் சரி, பொலபொலவென்று உதிர்ந்தால் குப்பையில் போடுங்கள். மூடி போட்ட வாளியில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கம்பி பிரஷ்ஷை ஷெட்டுக்குள்ளேயே விடமாட்டோம். உதிர்ந்த கம்பி இறைச்சியில் ஒட்டி வயிற்றுக்குள் போய், ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 6 பேருக்குக் காயமானதை 2012இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிட்டிருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியும் துணியுமே போதும்.

இத்தனையும் பேசுகிற நான் என்ன செய்தேன் என்றால்: வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒருவர் காலையில் கிரில்லை இறக்கிவிட்டு, ராத்திரி சமைத்தது, ஆறிவிட்டது என்றார். வெளித்தகடு ஜில்லென்று இருந்தது. சாம்பல் மேல் விரல் வைத்துப் பார்த்தேன், அதுவும் ஜில். ஷாப் வேக், அதாவது பட்டறையில் குப்பை உறிஞ்சுகிற வேக்யூம் கிளீனரைப் போட்டு உறிஞ்சிவிட்டு அடுத்த கிரில்லுக்குப் போய்விட்டேன். சிறிது நேரத்தில் முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். திரும்பினால் வேக் மூடியின் இடுக்கில் நூலாகப் புகை. ஹோஸைப் பிடித்துத் தரதரவென்று வெளியே ஜல்லி மேல் இழுத்துப் போட்டேன், அதற்குள் மூடி ஒரு பக்கம் உருகித் தொங்கிவிட்டது.

எங்கள் பாட்டி ராத்திரி விறகை இழுத்துவிட்டு, கங்கைச் சாம்பலால் மூடி வைப்பாள். விடிகாலையில் கிளறி இரண்டு ஊது ஊதினால் காபிக்கு நெருப்பு தயார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நீறு பூத்த நெருப்பு என்று பரீட்சையில் வாக்கியத்தில் அமைத்து எழுதி மார்க்கும் வாங்கியவன். பாட்டி வாயால் ஊதினாள், நான் மோட்டார் வைத்து ஊதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கடைக்காரர் அறுபதைத் தாண்டிய டெக்சாஸ்காரர். காபிக் கோப்பையோடு வந்தார், திட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் சாம்பலைக் கிளறினார். புளியங்கொட்டை அளவு ஒரு கங்கு, சிவப்பாக. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 24 மணி நேரம், பிறகு கையால் அள்ளு, மூடி உள்ள தகர டப்பாவில் போடு என்றார். கருகிய ஃபில்டரை எடுத்து என் மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அது அங்கேயே கிடந்தது.

வேலையை விட்ட அன்று அதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முடியாது என்றார். திங்கள்கிழமை புதுப் பையன் வருகிறானாம்.