சோறு போடக் கூடாது என்று உத்தரவு இருந்த சாலையில்

ஏப்ரல் 13, ஞாயிறு. தஞ்சாவூர்

1930ல் இதே தேதியில்தான் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வெள்ளைக்காரர்களின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ள வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். சுமார் 150 மைல். அந்த வழியில் தனியாகச் சைக்கிளில் போக வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. இன்று விடியும் முன்பே கிளம்பி கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாக வந்து சேர்ந்தேன். மேட்டூர் அணை மூடியிருக்கும் காலம், வழியெல்லாம் ஆற்றில் மணல்தான்.

உப்பைவிட எனக்கு அந்தப் பயணத்தின் சோற்றுக் கதைதான் பெரிது. தொண்டர்களுக்குச் சாப்பாடோ தங்க இடமோ கொடுத்தால் 6 மாதம் வரை சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்துவிட்டார். பட்டினி போட்டால் திரும்பிவிடுவார்கள் என்ற கணக்கு. மக்கள் என்ன செய்தார்கள்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் ஓய்வெடுக்கும் கரைகளில் அண்டாவோடு சோற்றைப் புதைத்து, எங்கே தோண்ட வேண்டும் என்று அடையாளம் வைத்தார்கள். கும்பகோணத்தில் வெளிப்படையாகவே விருந்து வைத்த பந்துலு அய்யர் அதற்காகச் சிறைக்குப் போனார்.

திருக்காட்டுப்பள்ளி தாண்டி ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். நான் நாலு கேட்டேன், அவர் ஆறு கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஏப்ரல் 14, திங்கள். கும்பகோணம்

சித்திரை முதல் நாள். ஐயம்பேட்டை தாண்டி, பாபநாசம் வருவதற்குள் பாட்டில் காலி. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் தண்ணீர் கேட்டேன்.

“நல்ல நாளும் அதுவுமா வெறும் தண்ணி கேக்குறியே? உள்ள வாம்மா.”

கால் கழுவச் சொல்லி, வீட்டு ஆண்கள் உட்காரும் முன்பே எனக்கு இலை போட்டார்கள். வேப்பம்பூ தூவிய மாங்காய்ப் பச்சடி, வடை, அவரைக்காய்ப் பொரியல், பருப்பு, பாயசம். மருமகள் பரிமாற, பாட்டி எதிரில் உட்கார்ந்து விசாரணை: எந்த ஊரு, என்ன படிச்சே, துணைக்கு யாரும் வரலையா, வீட்டுல தெரியுமா? பயணம் போகிறவர்கள் பலருக்கு இந்தக் கேள்விகள் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்தது. யாரென்றே தெரியாத பெண்ணை வீட்டுக்குள் அழைத்தவர்களுக்குக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. கடைசியில் பாட்டி என் போனை வாங்கி அம்மாவிடம் பேசினார். “உங்க பொண்ணு எங்க வீட்டுலதான் சாப்புட்டுக்கிட்டிருக்கா. ஒண்ணும் கவலப்படாதீங்க. வெயில் தாழத்தான் அனுப்புவேன்.” சொன்னபடியே நாலு மணிக்குத்தான் விட்டார். அது வரை கூடத்துச் சிமெண்ட் தரையில் நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய். மன்னார்குடி

வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் பின் சக்கரம் பஞ்சர். சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பிக் காயவைத்திருந்த அண்ணன் ஒருவர் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றி, என்னையும் டிவிஎஸ் 50ல் ஏற்றிக்கொண்டு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதிக் காயவிட்டு ஒட்டினார். பிறகு டயரின் உட்புறத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து, கருவேல முள்ளின் உடைந்த முனையை எடுத்துக் காட்டினார். “இத எடுக்காம மாட்டியிருந்தா அடுத்த ஊர்லயே மறுபடி நிப்பீங்க.” அவர் வேலைக்குரிய காசை வாங்கிக்கொண்டார், அதுதான் முறையும். உளுந்து அண்ணனோ பெட்ரோலுக்குக்கூட வாங்கவில்லை.

ஏப்ரல் 16, புதன். தகட்டூர்

திருத்துறைப்பூண்டி வரை சொல்ல ஒன்றுமில்லை, எதிர்க்காற்றுதான். தகட்டூர் டீக்கடையில் தங்க இடம் விசாரித்தபோது, பால் ஊற்ற வந்த அக்கா, “லாட்ஜ் எல்லாம் எதுக்கு, நம்ம வீட்டுல படுத்துக்க” என்று கையோடு கூட்டிவந்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. பாதிக்கு மேல் இளங்கன்றுகள். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த இரவில் பழைய மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்துவிட்டனவாம். அக்கா மத்தி மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்: “நாலு நாளா கரண்டு இல்ல, தண்ணி இல்ல. அஞ்சாம் நாள் ஒரு வேன் வந்துச்சு. திருப்பூர்ப் பசங்க. பேருகூடக் கேக்கல பாரு நாங்க. சோத்தப் போட்டானுங்க, பாயி போர்வை குடுத்தானுங்க, போயிட்டானுங்க. அவனுங்களுக்கு நான் எங்க போயி செய்யறது? வர்றவங்களுக்குத்தான் செய்யணும்.”

மரங்களில் பொட்டலம் கட்டியவர்களின் பெயர்களும் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. தட்டில் கை வைத்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா இன்னும் இரண்டு மீன் போட்டார்.

ஏப்ரல் 17, வியாழன். வேதாரண்யம்

அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு விடிகாலையிலேயே போய்விட்டேன். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க ஆட்கள் இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். நீளக் கழியில் பொருத்திய பலகையால் பாத்தியிலிருந்து உப்பை வரப்புக்கு இழுக்கிறார்கள். ஈரத்தோடு கொஞ்சம் சாம்பல் நிறமாக இருக்கிறது. பக்கத்தில் நின்றாலே கண் கூசுகிறது, உதடு கரிக்கிறது. குதிகாலெல்லாம் வெடித்திருந்த ஓர் அம்மா தூக்குவாளியைத் திறந்து, மூடியில் எனக்கு நீராகாரம் ஊற்றினார். பகல் முழுக்க அவருக்கு வேண்டியது அது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

நினைவுத் தூணையும் பார்த்தேன். 1930 ஏப்ரல் 28ல் குழு இங்கே வந்து சேர்ந்தது, 30ந்தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். குழுவுக்கு இந்த ஊரில் எல்லா ஏற்பாடும் செய்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை போனார், அவர் சொத்தும் பறிபோனது. அந்த நாட்களில், தன்னிடம் முகம் மழித்துக்கொண்டிருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்த நாவிதர் வைரப்பனுக்கும் இந்த ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறது. விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது அவரையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்த ஊர், யாருக்குக் கொடுக்க மாட்டோம் என்பதையும் தீர்மானித்திருந்தது.

மத்தியானம் தகட்டூர் அக்கா போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, வைகாசியில் மகளுக்குக் கல்யாணம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். தேதியைக் குறித்துக்கொண்டேன். இரண்டு பேருமே போகிறோம்.