பத்துக் கல் பஞ்சாயத்து

எங்கள் வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். சேர்வராயன் மலைமேல் மேகம் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் இங்கே கொட்டும், கொட்டினால் கொல்லையில் தூவிய கீரை விதை மண்ணோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும். மூன்றாவது தடவையும் போனபோது, "ஏங்க, சுத்தி நாலு கல்லை வெச்சுக் கட்டிடுங்களேன்" என்றாள் மனைவி.

நாலு கல்லாம்.

பத்தடிக்கு நாலடி பாத்தி, ஒன்றரை அடி உயரம், நாலரை இஞ்ச் சுவர். ராத்திரி சாப்பிட்டுவிட்டு கணக்குப் போட உட்கார்ந்தேன். சுற்றளவு 28 அடி, அதை ஒன்றரையால் பெருக்கினால் 42 சதுர அடி. ஒன்பது இஞ்ச் நீளம், மூன்று இஞ்ச் உயரம் உள்ள கல், நடுவில் கலவை இடுக்கு, எல்லாம் சேர்த்தால் சதுர அடிக்கு நாலரைக் கல். மொத்தம் 189. அடிக்கோடு போட்டு வைத்தேன்.

அதைப் பார்த்தது என் மாமனார். இரும்பாலையில் தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் அளந்தே ஓய்வு பெற்றவர். "மூலைய ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். மூலைக்கு நாலரை இஞ்ச் வீதம் நாலு மூலைக்கு ஒன்றரை அடி கழியுமாம். 26.5 அடிதான், 179 கல்தான். வழியில் உடையுற கல்லுக்கு அந்தப் பத்து இருக்கட்டும் மாமா என்றேன். உடைசலைத் தனியாகக் காட்டணும், கணக்குக்குள் ஒளிக்கக் கூடாது என்றார். பதினொரு மணி வரை இந்தப் பஞ்சாயத்து ஓடியது, இடையில் மனைவி வந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாள், நாங்கள் மொபைல் வெளிச்சத்தில் தொடர்ந்தோம்.

காலையில் மேஸ்திரி வந்தார். காகிதத்தை நீட்டினேன். வாங்கவே இல்லை. குதிகாலால் மண்ணை ஒரு கிண்டு கிண்டினார்.

"சார், செவுரு எது மேல நிக்கும்?"

நானும் மாமாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அஸ்திவாரம்! ஒன்றரை அடிச் சுவர்தானே என்று ராத்திரி முழுக்க மண்ணுக்கு மேலேயே சண்டை போட்டிருக்கிறோம். வாணம் தோண்டி, அடியில் ஒரு வரிசை கல்லைக் குறுக்கே படுக்க வைக்க வேண்டுமாம், அதற்கே அறுபத்தைந்து கல். அப்புறம் இன்னொன்று கேட்டார். "ஒன்றரை அடி அஞ்சு வரிசைக்குக் கூட, ஆறு வரிசைக்குக் கொறச்சல். கல்லை அறுக்க முடியாது, அஞ்சா ஆறா?" கல்லும் கலவையும் சேர்ந்து ஒரு வரிசை ஏறக்குறைய மூன்றரை இஞ்ச் ஏறும் என்று விரலை மடக்கிக் காட்டினார். ஆறு என்றோம், அவமானத்தில்.

"முந்நூறு கல்லு, ஒரு மூட்டை சிமெண்டு, கொஞ்சம் எம்-சாண்ட்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

கல் வந்தது. மேஸ்திரி இரண்டைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டினார், கணீர் என்றது, தலையாட்டினார். தண்ணீர்த் தொட்டியில் போட்டபோது கல்லிலிருந்து குமிழி குமிழியாக வந்ததை மாமா ஒரு மணி நேரம் குழந்தை மாதிரி நின்று பார்த்தார்.

வில்லங்கம் அந்த "கொஞ்சம்" என்கிற வார்த்தையில் இருந்தது. மூட்டை சிமெண்ட் ஒண்ணேகால் கன அடி, ஒன்றுக்கு ஐந்து கலந்தால் மணல் ஆறேகால் கன அடி போதும். கடைக்காரர் போனில் "அரை யூனிட் அனுப்பட்டுமா?" என்றார். அரைதானே என்று சரி சொன்னேன். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி என்பது, சின்ன டிப்பர் வந்து பின்பக்கத்தைத் தூக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. கேட்டுக்கு நேராக இடுப்பளவு மேடு. மனைவியின் ஸ்கூட்டி உள்ளே, அவள் ஆபீஸ் ஊருக்குள்ளே. அன்றைக்கு அவள் பஸ்ஸில் போனாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

சுவர் இரண்டு நாளில் முடிந்தது. கல் பதினெட்டு மிச்சம், சிமெண்ட் அடிமூட்டையில் ரெண்டு கை. மணல்மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. தெருப்பிள்ளைகள் மாலையில் வந்து குகை தோண்டுகிறார்கள், எதிர்வீட்டு அக்கா தொட்டிச் செடிக்கு என்று ஒரு சட்டி அள்ளிப் போனார், ஒரு பூனை தன் சொந்த உபயோகத்துக்கு மொத்தத்தையும் பட்டா போட்டுக்கொண்டது.

நேற்று சாயங்காலம் மாமா டேப்போடு அந்த மேட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"நாற்பத்து மூணே முக்கால் கன அடி மிச்சம் இருக்கணும் மாப்பிள்ளை. இன்னும் ஏழு மூட்டை சிமெண்டும் ரெண்டாயிரத்து நூறு கல்லும் வாங்கினா மணல் சரியா காலியாயிடும்."

ராத்திரி நானும் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, எதிர்வீட்டு அக்கா அள்ளிய அந்த ஒரு சட்டியை மட்டும் கழிக்கவில்லை.